ஒரு கேள்வித்தாள் துருக்கிக்குப் போனால்: சாப்பாட்டு மனப்பான்மையை அளப்பது பற்றி ஓர் எளிய அறிமுகம்

‘இறுக்கமான உடை உடுத்த எனக்குப் பிடிக்கும்.’

ஒரு மனநலக் கேள்வித்தாளில் வரும் வரி இது. எதிரே ஆறு பதில்கள் இருக்கும்: எப்போதும், ரொம்ப அடிக்கடி, அடிக்கடி, சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ‘ஒருபோதும் இல்லை’ என்று அடித்தால் 3 மதிப்பெண் ஏறும். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இல்லை இது. மதிப்பெண் ஏற ஏற, உங்களுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

கேள்வித்தாளின் பெயர் ஈட்டிங் ஆட்டிட்யூட்ஸ் டெஸ்ட். சாப்பாடு பற்றிய மனப்பான்மையை அளக்கும் சோதனை என்று சொல்லலாம். கனடாவின் டொராண்டோவில் டேவிட் கார்னர், பால் கார்ஃபின்கெல் என்ற இருவர் 1979ல் வெளியிட்டார்கள். அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோயின் அறிகுறிகளைக் கேட்டறிவதுதான் நோக்கம். இந்த நோய் வந்தவர் உடம்பு எலும்பும் தோலுமாக ஆன பிறகும் குண்டாகிவிடுவோமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நோய். மொத்தம் 40 கேள்விகள், 30 மதிப்பெண் எல்லைக்கோடு. அதைத் தொட்டவரை மருத்துவர் ஒரு முறை நேரில் பார்த்துப் பேசுவது நல்லது என்பது கணக்கு. இவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று அந்த எண்ணை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலே போவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் இறுக்கமான உடை பற்றிக் கேட்டதில் நியாயம் இருந்தது. உடம்பின் வடிவம் வெளியே தெரிவதை விரும்பாமல் தொளதொளவென்று உடுத்துவதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். அதே கேள்வியைத் துருக்கியில், தலையை மூடி, கணுக்கால் வரை தளர்வாக உடுத்தும் ஒரு பெண்ணிடம் கேட்டால்? அவர் ‘ஒருபோதும் இல்லை’ என்றுதான் சொல்வார். 3 மதிப்பெண். உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

மேலைநாட்டு உளவியல் கேள்வித்தாளை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதில் மொழிபெயர்ப்பு சின்னப் பாதிதான். பெரிய பாதி, அந்த எண்கள் புது ஊரிலும் அதே பொருளைத் தருகின்றனவா என்று பார்ப்பது. சாப்பாட்டு மனப்பான்மைக் கேள்வித்தாள்களில் துருக்கியர்கள் இதை 1980களிலிருந்து செய்துவருகிறார்கள். அதனால் கற்றுக்கொள்ள அது நல்ல உதாரணம்.

துருக்கிக்கு வந்த கதை

1989ல் இஷிக் சவாஷிர், நெஷே எரோல் என்ற இரு பெண் உளவியலாளர்கள் 40 கேள்விகளையும் துருக்கி மொழிக்குக் கொண்டுவந்தார்கள். ‘யெமெ துதும் தெஸ்தி’ என்று பெயர். யெமெ என்றால் சாப்பிடுவது, துதும் என்றால் மனப்பான்மை. இருவரும் கத்துக்குட்டிகள் இல்லை. எம்எம்பிஐ என்ற பிரபலமான ஆளுமைச் சோதனையைத் துருக்கிக்குக் கொண்டுவந்ததிலும் சவாஷிருக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கணிக்க அங்காராவில் உருவான ஒரு பட்டியலிலும் இருவர் பெயரும் இருக்கிறது.

ஒரிஜினலை எழுதியவர்கள் 1982லேயே 40 கேள்விகளை 26ஆகச் சுருக்கிவிட்டார்கள். எல்லைக்கோடும் 30லிருந்து 20க்கு இறங்கியது. ஆனால் துருக்கியில் 40 கேள்வி வடிவம்தான் பல காலம் ஆய்வேடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. 26 கேள்விச் சிறு வடிவத்தைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் முறைப்படி சோதித்து வெளியிட்ட தழுவல் 2020ல் வந்தது.

இதற்கிடையில் வேறு பல கேள்வித்தாள்களும் துருக்கிக்குப் போயின. நெதர்லாந்தில் 1986ல் உருவான 33 கேள்வி வடிவம் ஒன்று. மனசு சரியில்லாதபோது சாப்பிடுகிறோமா, கண்ணில் பட்டதும் சாப்பிடுகிறோமா, வேண்டுமென்றே கட்டுப்படுத்திக்கொள்கிறோமா என்று மூன்றையும் தனித்தனியாக அளப்பது அது. ‘சுத்தமான’ சாப்பாட்டின் மேல் வெறி பிடித்தவர்களைக் கண்டறிய இத்தாலியில் உருவான ஓர்ட்டோ-15 இன்னொன்று. அதன் கதை சுவாரசியமானது, பின்னால் சொல்கிறேன்.

போவதும் திரும்பி வருவதும்

வழக்கமான நடைமுறை இப்படி இருக்கும். முதலில் ஒரிஜினலை எழுதியவர்களிடம் அனுமதி. அப்புறம் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாகத் துருக்கி மொழிக்கு மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குவார்கள். அந்த ஒன்றை, ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காத வேறு ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இதற்குப் பின்மொழிபெயர்ப்பு என்று பெயர். இந்த முறையைப் பரவலாக்கியவர் ரிச்சர்ட் பிரிஸ்லின், 1970ல். திரும்பி வந்த ஆங்கிலமும் முதலில் போன ஆங்கிலமும் ஒத்துப்போகின்றனவா என்று நிபுணர் குழு பார்க்கும். கடைசியில் முப்பது நாற்பது பேரிடம் கொடுத்து, ‘இந்த வரி உங்களுக்கு என்ன புரிகிறது?’ என்று கேட்பார்கள்.

பின்மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆய்வுக்கட்டுரைகளில் ‘பின்மொழிபெயர்ப்பு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது போல ஒரு தோரணை வந்துவிடுகிறது. இறுக்கமான உடை பற்றிய வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கியில் இறுக்கத்துக்கு ‘தார்’ என்ற சாதாரணச் சொல் இருக்கிறது. போட்டு மொழிபெயர்த்தால் ஒரு பிசிறும் இல்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பி வரும். குழுவும் தலையாட்டும். சொல் சரி, இலக்கணம் சரி, ஆனால் அந்தக் கேள்வி துருக்கியில் வேறொன்றை அளந்துகொண்டிருக்கும். அதைப் பின்மொழிபெயர்ப்பு காட்டிக்கொடுக்காது. முப்பது நாற்பது பேரை உட்காரவைத்துப் பேசும் கடைசிப் படிதான் காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் பெரும்பாலும் வெட்டப்படுவதும் அந்தப் படிதான்.

சொல் அளவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. குண்டு என்பதற்குத் துருக்கியில் ‘ஷிஷ்மான்’ என்று நேரடியான சொல் உண்டு. அதைவிட மென்மையாக ‘கிலோலு’ என்றும் சொல்வார்கள், கிலோ கூடியவர் என்பது போல. ‘ஷிஷ்மான் ஆகிவிடுவேனோ என்று பயப்படுகிறேன்’ என்று எழுதினால் சிலர் மட்டும் ஆம் என்பார்கள். ‘கிலோலு’ என்று எழுதினால் ஆம் என்பவர்கள் கூடலாம். எது சரி என்பதற்கு அகராதியில் விடை இல்லை, ஆட்களிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டயட் விஷயமும் அப்படித்தான். ‘தியெத்’ என்ற சொல் இருக்கிறது. இளைப்பதற்காக இருப்பதை ‘ரெஜிம்’ என்பார்கள், பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பெர்ஹிஸ்’ என்ற பழைய சொல் டாக்டர் சொல்லி இருக்கும் பத்தியம். ‘இது என்ன பத்தியம், இது என்ன முட்டைக்கோஸ் ஊறுகாய்?’ என்று துருக்கியில் ஒரு பழமொழி உண்டு, சொல் ஒன்று செயல் ஒன்றாக இருப்பவர்களைப் பார்த்துக் கேட்பது. அங்கே வருவது பெர்ஹிஸ்தான். சர்க்கரை நோய்க்காகப் பத்தியம் இருப்பவரையும், இடுப்பு அளவுக்காகப் பட்டினி கிடப்பவரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாத சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

பதில் வரிசையும் கவனிக்க வேண்டியது. துருக்கி வடிவத்தில் அது ‘தாய்மா, சோக் சிக், சிக் சிக், பாஸென், நாதிரென், ஹிச்பிர் ஸமான்’ என்று இருக்கும். எப்போதும், ரொம்ப அடிக்கடி, அடிக்கடி, சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை. 26 கேள்வி ஆங்கில வடிவத்தில் இரண்டாவது இடத்தில் ‘வழக்கமாக’ என்ற பொருள் தரும் சொல் நிற்கிறது, இங்கே ‘ரொம்ப அடிக்கடி’. ‘ரொம்ப அடிக்கடி’தான் மேல் என்று நினைக்கிறேன். ‘வழக்கமாக’ பெரியதா ‘அடிக்கடி’ பெரியதா என்று திடீரென்று கேட்டால் யாரும் தடுமாறுவார்கள். ‘ரொம்ப அடிக்கடி’, ‘அடிக்கடி’ என்று இருந்தால் எது மேலே, எது கீழே என்பதில் குழப்பமில்லை. பெரும்பாலான கேள்விகளில் இந்த வரிசையில் 3, 2, 1 என்று மேல் மூன்று பதில்களுக்குத்தான் மதிப்பெண். கீழ் மூன்றுக்கும் பூஜ்யம். ஆகவே மேலே இருக்கும் ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு.

ஃபாத்மா தெய்ஸேயின் மதிப்பெண்

இதை ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். கற்பனை ஆள்தான், ஆனால் கேள்விகளும் மதிப்பெண் முறையும் நிஜம். துருக்கியின் அனதோலியாப் பகுதியில் ஒரு சிற்றூர். 58 வயதுப் பெண், பெயர் ஃபாத்மா. தெரு முழுக்க அவரை ஃபாத்மா தெய்ஸே என்று கூப்பிடும். தெய்ஸே என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள், நம் பெரியம்மா, சித்தி முறை. (அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கு, நம் அத்தைக்கு, துருக்கியிலும் தனிச் சொல்தான்: ஹாலா.) அவருக்குச் சர்க்கரை நோய். இளைக்க வேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லை. 40 கேள்வி வடிவத்தை அவர் கையில் கொடுக்கிறோம்.

ஆறு கேள்விகளுக்கு மதிப்பெண் தலைகீழாகப் போடப்படும்: சில சமயம் 1, அரிதாக 2, ஒருபோதும் இல்லை 3. இறுக்கமான உடை அவற்றில் ஒன்று. ஃபாத்மா தெய்ஸேக்கு 3. உணவகத்தில் சாப்பிடப் பிடிக்கும் என்பது இன்னொன்று. அவர் வாழ்க்கையில் உணவகத்துக்கே போனதில்லை, இன்னொரு 3. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? வயது 58, நின்று பல வருஷம் ஆயிற்று. மறுபடி 3. ஆக 9.

காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன் என்று ஒரு வரி உண்டு. மனச்சோர்வோடும் பட்டினியோடும் வரும் தூக்கக் குறைவைப் பிடிக்க வைத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஃபாத்மா தெய்ஸே விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்துவிடுவார். ‘எப்போதும்’, 3. மொத்தம் 12.

இனிப்புள்ள உணவுகளைத் தவிர்க்கிறேன்: எப்போதும், 3. டயட் உணவு சாப்பிடுகிறேன்: எப்போதும், 3. டயட் இருக்கிறேன்: எப்போதும், 3. டாக்டர் சொன்னபடி கேட்டதற்கு இந்த மூன்று வரிகளிலேயே 9 மதிப்பெண். மொத்தம் 21.

நாள்தோறும் ஒரே மாதிரிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறேன்: ரொம்ப அடிக்கடி, 2. இனிப்புச் சாப்பிட்ட பிறகு மனசு சங்கடப்படுகிறது: ரொம்ப அடிக்கடி, 2. மலச்சிக்கல்: ரொம்ப அடிக்கடி, 2. மொத்தம் 27.

மற்றவர்கள் என்னைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்: ரொம்ப அடிக்கடி, 2. துருக்கியில் ஒரு வீட்டுக்குப் போய் ‘போதும்’ என்று ஒரு தடவை சொன்னால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது தட்டில் இன்னொரு கரண்டி விழுந்திருக்கும். இதை வற்புறுத்தல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? மொத்தம் 29.

ரொட்டி, உருளைக்கிழங்கு, அரிசி மாதிரி மாவுச்சத்துள்ளவற்றைத் தவிர்க்கிறேன்: அடிக்கடி, 1.

மொத்தம் 30. எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டார். அனோரெக்ஸியா அறிகுறி உள்ளவர் என்று ஆய்வு அட்டவணையில் ஒரு எண்ணாக ஆகிவிட்டார்.

இளம்பெண்களுக்கென்று உருவான கேள்வித்தாளை 58 வயதுக்காரரிடம் கொடுத்தது என் தப்பு என்று யாராவது சொன்னால், நியாயம்தான். டொராண்டோவில் அதைச் சோதித்தது அனோரெக்ஸியா நோயாளிப் பெண்களின் இரு குழுக்களிலும் (32 பேர், 33 பேர்), நோயில்லாத பெண்களின் இரு குழுக்களிலும் (34 பேர், 59 பேர்). அதைத் தாண்டி யார் கையில் கொடுத்தாலும் அந்த 30 என்ற எண் அவருக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கும், உடல்பருமன் பிரிவுக்கு வருபவர்களுக்கும் இதே மாதிரிக் கேள்வித்தாள்களைக் கொடுப்பது உலகம் முழுக்க நடப்பதுதான்.

இப்போது 26 கேள்விச் சிறு வடிவத்தை ஃபாத்மா தெய்ஸேயிடம் கொடுங்கள். இறுக்கமான உடை, உணவகம், மாதவிடாய், அதிகாலை விழிப்பு, ஒரே மாதிரிச் சாப்பாடு, மலச்சிக்கல், இந்த ஆறு கேள்விகளும் அதில் இல்லை. அவருடைய 30ல் 16 அங்கேயே போய்விடுகிறது. மிச்சம் 14, எல்லைக்கோடு 20. தப்பித்தார். இந்தக் கேள்விகள் கலாச்சாரக் காரணத்துக்காக நீக்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. 1982ல் 160 நோயாளிகளின் பதில்களைப் புள்ளியியல் முறையில் அலசியபோது அவை மற்றக் கேள்விகளோடு ஒட்டாமல் தனியே நின்றன, அதனால் நீக்கினார்கள். நீக்கிய பிறகும் சிறு வடிவத்தின் மதிப்பெண் பெரிய வடிவத்தோடு 0.98 அளவுக்கு ஒத்துப்போனது. அதாவது டொராண்டோவிலேயே அந்த 14 கேள்விகளால் பெரிய பயன் இல்லை. வெளியூர் போனபோது அவை பாரமாகவும் ஆகிவிட்டன.

1989லேயே, துருக்கி வடிவம் வந்த அதே வருஷம், மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் இந்தச் சோதனையை நடத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் எதிர்பாராத அளவுக்கு அதிகம். ஆனால் குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு வந்த பதில்களின் போக்கைப் பார்த்தபோது, மாணவிகள் அவற்றை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒரு ‘நோய்ப் பரவல்’ செய்தியாக வெளிவந்திருக்கும்.

இரண்டு எண்கள்

துருக்கி வடிவத்தைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வரும்: 0.70, 0.65.

முதல் எண் க்ரோன்பாக் ஆல்ஃபா. கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றனவா என்று பார்ப்பது. ஒரு கேள்வியில் மேலே நிற்பவர் மற்றக் கேள்விகளிலும் மேலே நின்றால் இந்த எண் 1ஐ நெருங்கும். 0.70 என்பது பொதுவாக ஏற்கப்படும் கீழ் எல்லை. டொராண்டோவில் நோயாளிகளிடம் மட்டும் பார்த்தபோது 0.79, நோயாளிகளையும் மற்றவர்களையும் சேர்த்தபோது 0.94. ஏன் இப்படி எகிறுகிறது? ஒரு பக்கம் ரொம்ப அதிக மதிப்பெண், இன்னொரு பக்கம் ரொம்பக் குறைவு என்று ஆட்கள் அகலமாகப் பரவியிருந்தால் ஆல்ஃபா தானாக ஏறும். ஆகவே 0.94ஐயும் 0.70ஐயும் பக்கத்தில் வைத்து ‘துருக்கி வடிவம் மட்டம்’ என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, ஒரே கேள்வியை நாலு விதமாக மாற்றிக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். உயர்ந்த ஆல்ஃபாவைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டாவது எண், அதே ஆளிடம் சில வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் எவ்வளவு ஒத்த மதிப்பெண் வருகிறது என்பது. இங்கே துருக்கிக்கென்று ஒரு பிரத்தியேகச் சிக்கல் இருக்கிறது: ரமலான். முதல் தடவை ரமலானில், இரண்டாம் தடவை அது முடிந்த பிறகு என்று நடத்தினால்? ‘பசித்தாலும் சாப்பிடாமல் தவிர்க்கிறேன்’, ‘வயிறு காலியாக இருப்பது பிடிக்கும்’ என்ற வரிகளுக்கு நோன்பு மாதத்தில் ஒரு பதில், அடுத்த மாதம் வேறு பதில். நோன்பு முடிந்ததும் வரும் பெருநாளுக்குத் துருக்கியில் ‘ஷெக்கெர் பைராம்’ என்றே ஒரு பெயர், சர்க்கரைத் திருநாள். மூன்று நாள் வீடு வீடாக மிட்டாயும் பக்லாவாவும்தான். அந்த வாரத்தில் ‘இனிப்புச் சாப்பிட்ட பிறகு மனசு சங்கடப்படுகிறது’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். அதனால் ‘மார்ச்சில் நடத்தினோம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தால் எந்த வருஷத்து மார்ச் என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் சொல்வது நம்பகத்தன்மை மட்டும்தான், அதாவது அளவு நிலையாக நிற்கிறதா என்பது. நினைத்த விஷயத்தைத்தான் அளக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைச் செல்லுபடித்தன்மை என்பார்கள். ஃபாத்மா தெய்ஸே இன்றைக்கும் 30 எடுப்பார், அடுத்த மாதமும் 30 எடுப்பார். நம்பகத்தன்மை பிரமாதம்.

செல்லுபடியைப் பார்க்க நேரான வழி, மருத்துவர் நேரில் பேசி நோய் உறுதியானவர்களிடமும் நோயில்லாதவர்களிடமும் தாளைக் கொடுத்து, மதிப்பெண் பிரிகிறதா என்று பார்ப்பது. கஷ்டமான, செலவு பிடிக்கும் வேலை. அனோரெக்ஸியா நோயாளிகள் எந்த ஊரிலும் கொத்துக் கொத்தாகக் கிடைக்க மாட்டார்கள். அதனால் பல தழுவல் ஆய்வுகள் கல்லூரி மாணவர்களோடு நின்றுவிடுகின்றன. மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள், வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு வழி காரணி ஆய்வு: எந்தக் கேள்விகள் எவற்றோடு கூட்டம் சேர்கின்றன என்று பார்ப்பது. 26 கேள்வி ஒரிஜினலில் மூன்று கூட்டம் இருக்கிறது. டயட் பற்றி 13 கேள்விகள், அடக்க முடியாமல் அள்ளித் தின்பதும் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பும் பற்றி 6, வாய்க்கட்டுப்பாடு பற்றி 7. துருக்கியிலும் இதே கூட்டம் சேர்ந்தால் நல்ல அறிகுறி. நான் கண் வைப்பது மூன்றாவது கூட்டத்தின் மேல். அந்த 7ல் மூன்று கேள்விகள் உங்களைப் பற்றியே இல்லை: மற்றவர்கள் நான் இன்னும் சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறார்கள், மற்றவர்கள் என்னைச் சாப்பிட வற்புறுத்துகிறார்கள், மற்றவர்கள் நான் ரொம்ப ஒல்லி என்று நினைக்கிறார்கள். சாப்பிட மறுக்கும் மகளைச் சுற்றிக் கவலையோடு நிற்கும் குடும்பத்தைப் பிடிக்கத்தான் இவை. விருந்தாளியைத் திணறத் திணறச் சாப்பிடவைப்பதே மரியாதை என்றிருக்கும் ஊரில் இந்த மூன்றும் குடும்பத்தின் உபசாரத்தை அளந்துவிடும்.

எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது?

ஆரம்பநிலை வாசகர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் புரிவதற்காக மட்டும். 1000 மாணவிகள், அவர்களில் 20 பேருக்கு நிஜமாகவே நோய். கேள்வித்தாள் நோயுள்ளவரில் 100க்கு 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 100க்கு 90 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. 20ல் 18 பேர் பிடிபடுவார்கள். மிச்சம் 980 பேரில் 98 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். ஆக எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் 116, அவர்களில் நோயுள்ளவர் 18 பேர்தான். ‘மாணவிகளில் 11.6 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு’ என்று தலைப்புப் போட்டால் அது பொய். ‘அபாயத்தில்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு தப்பிப்பவர்களும் உண்டு.

எல்லைக்கோடு கனடாவில் கனடாக்காரர்களை வைத்து வரையப்பட்டது. துருக்கி மதிப்பெண்கள் மொத்தமும் ஐந்து புள்ளி மேலே நகர்ந்திருந்தால் தவறாகப் பிடிபடுபவர்கள் இன்னும் கூடுவார்கள். அதனால் புது மொழியில் எல்லைக்கோட்டைப் புதிதாக வரைய வேண்டும், குறைந்தபட்சம் பழையது நிற்கிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

சொன்னபடி ஓர்ட்டோ கதைக்கு வருகிறேன். 2005ல் இத்தாலியில் வந்த ஓர்ட்டோ-15ல் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. இங்கே தலைகீழ்: மதிப்பெண் குறைந்தால்தான் கவலை. 40க்குக் கீழே போனால் ஆரோக்கிய உணவு வெறி இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். 2008ல் துருக்கியில் தழுவியபோது நான்கு கேள்விகள் ஒட்டவில்லை. நேர்மையாக அவற்றை எடுத்துவிட்டு ஓர்ட்டோ-11 என்று பெயரிட்டார்கள். சரி, இப்போது அதிகபட்ச மதிப்பெண் 60 இல்லை, 44. 40 என்ற எல்லைக்கோட்டை அப்படியே வைத்தால் கிட்டத்தட்ட துருக்கியில் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். இத்தாலிய முடிவுகளோடு துருக்கிய முடிவுகளை நேரடியாக ஒப்பிடவும் முடியாது. ஒட்டாத கேள்விகளை வைத்துக்கொண்டிருந்தால் ஒப்பிடலாம், ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்காது. தழுவல் செய்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கேள்விகளை எடுத்தவர்கள் பக்கம்தான் நான்.

பெர்லினில் எந்தத் தாள்?

1961ல் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. அப்போது போனவர்களின் பேத்திகள் இன்று பெர்லினில் கல்லூரி போகிறார்கள். வீட்டில் பாட்டியோடு துருக்கி, வெளியே ஜெர்மன். அவர்களில் ஒருத்தி மருத்துவரிடம் வந்தால் எந்தத் தாளைக் கொடுப்பது? துருக்கி வடிவம் துருக்கியில் வாழ்பவர்களை வைத்துச் சோதித்தது. ஜெர்மன் வடிவம், சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே இருக்கும் பாட்டி இல்லாத வீடுகளை மனதில் வைத்தது. அவளுக்கு இரண்டும் பாதிப் பொருத்தம்தான்.

இதற்கு ஆய்வாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் பாடுபட வேண்டும். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களைக் கூட்டி, பாதிப் பேருக்குத் துருக்கித் தாளை முதலில், மீதிப் பேருக்கு ஜெர்மன் தாளை முதலில் கொடுப்பார்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே ஆள் எந்தெந்தக் கேள்வியில் மொழி மாறியதும் பதிலையும் மாற்றுகிறார் என்று பட்டியல் போடுவார்கள். அப்புறம் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, மாற்றியவரிடமே ஏன் என்று கேட்பார்கள்.